கடைசி அத்தியாயம் அனுசுயாவிடம்

காலை ஏழு மணிக்குத் தண்ணீர் லாரி வந்து போனதும் வரதன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு தன் இதழுக்கு வந்திருந்த மர்மக் கதையைப் பிரித்தார். கடைசி அத்தியாயத்தை மனைவி அனுசுயா முன்பே உருவி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். வரதன் மர்மக் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் வெளியிடும் மாத இதழின் ஆசிரியர். விஞ்ஞானக் கதை என்றால், ராக்கெட்டை எடுத்துவிட்டாலும் கதை நிற்க வேண்டும். மர்மக் கதையைக் கடைசி அத்தியாயம் இல்லாமல் படித்து, கொலையாளி யார் என்று மனைவியிடம் சொல்வார். சரியாகச் சொல்லிவிட்டால் கதை திரும்பிப் போகும். அவள் தம்பி வேலுசாமி எழுதியதும் அப்படித்தான் போனது. அந்தத் தீபாவளிக்கு அவன் இவர்கள் இருக்கும் மேனாம்பேடு பக்கமே வரவில்லை.

இன்றைய கதையின் மேல் 'செங்கல்வராயன், திருநின்றவூர்' என்று இருந்தது. அப்படி ஒருவர் இல்லை. எழுதியது அனுசுயா. ஆவடியில் சீருடை தைக்கும் தொழிற்சாலையில் ஓய்வு பெற்ற பிறகு, வரதன் அச்சகத்துக்குப் போகும் மதியங்களில் எழுதினாள். கரையான்சாவடியில் டைப் அடித்துக் கொடுத்த லாவண்யாவுக்கு மட்டும் தெரியும். யார் யாருடைய கடைசி அத்தியாயத்தையோ அவள் கையில் வைத்துக்கொண்டு அவர் ஜெயிப்பதையே பார்த்தாகிவிட்டது. ஒரு தடவை அவர் தோற்க வேண்டும். தன்னிடம் தோற்க வேண்டும்.

பூண்டு உரிக்கிற சாக்கில் எதிரே உட்கார்ந்தாள். ஓரிடத்தில் அவர் பென்சிலை எடுத்தார். பிறகு தனக்குள் சிரித்தார். எந்த இடம் என்று கேட்க முடியாது.

"இன்னாங்க, ஆச்சா?"

"ஆச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு?"

"இரு. இந்த ஆளு கொஞ்சம் சுத்த வுடறாரு."

"சீக்கிரம் சொல்லுங்க, அடுப்புல கொழம்பு கீது."

"டாக்டர்."

கதையில் கொலை செய்தவர் கீழ்வீட்டு வாத்தியார். அனுசுயா போய் டப்பாவைத் தூக்கிப் பக்கங்களை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"வாத்தியாரா! கவுத்துட்டாரே திருநின்றவூர்க்காரரு."

"அப்ப போடுவீங்களா?"

"அடுத்த இதழ்லயே. இத்தினி நாள் எங்க இருந்தீங்கன்னு அவரைக் கேக்கணும்."

"எங்கியாவது பக்கத்துலதான் இருந்திருப்பாரு."

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். அனுசுயா பக்கங்களை ஒன்றாக அடுக்கினாள். உதட்டில் சிரிப்பு அடங்கவில்லை. உறைக்குள் போடுவதற்கு முன் ஆசையாக ஒருமுறை புரட்டினாள்.

இரண்டாம் அத்தியாயத்தில் பென்சில் பட்டிருந்தது.

வாத்தியார் கதவைத் திறக்கிற இடம். 'அவர் சட்டையில் ஒரு பட்டன் மட்டும் கறுப்பு நூலில் தைத்திருந்தது' என்று அந்தப் பத்தியை அவள் முடித்திருந்தாள். அவர் அந்த வரியை அம்புக்குறி போட்டுப் பத்தியின் நடுவுக்குக் கொண்டுபோயிருந்தார். பத்தியின் முடிவில், காலைச் சுற்றும் பூனையை வாத்தியார் 'வாடகை கொடுக்கிறாயா நீ?' என்று திட்டுவதாக ஒரு வரி சேர்த்திருந்தார். படிக்கிறவர்கள் பூனையைப் பார்த்துச் சிரிப்பார்கள். பட்டனை மறந்துவிடுவார்கள்.

வேறெங்கும் பென்சில் படவில்லை. வாத்தியாரைக் காட்டிக்கொடுப்பதே அந்தப் பட்டன்தான். அது தெரியாத ஒருவர் அதை ஏன் ஒளிக்க வேண்டும்? கடைசி அத்தியாயத்தைப் படித்தபின் அவர் பென்சிலைத் தொடவே இல்லை.

சர்வீஸ் முழுக்க அவள் வேலை பார்த்தது பட்டன் பிரிவில். இதை எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாதா?

கோபம் வந்தது. சொந்த மச்சான் வேலுசாமிக்காகக்கூட அவர் பொய் சொன்னதில்லை. பூனை வரியைத் திரும்பப் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வரதன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "அனு, கொழம்பு அடி புடிக்குது பாரு."

அவள் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"ஏங்க, பட்டனை எதுக்கு ஒளிச்சு வெச்சீங்க?"