கேபிள் பிடுங்கிய கணினி

1

இந்தக் கதை ஒரு சிவப்புப் புள்ளியில் தொடங்கியது. துக்கத்தில் தொடங்கியது என்று எழுதியிருந்தால் உங்கள் மரியாதை கிடைத்திருக்கும். அது வேண்டாம். போன வருஷம் முழுக்க வாங்கிக்கொண்டாயிற்று.

என் பெயர் காசிராஜன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். என் அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. அதில் ஒரு விதியை எழுதினால் கம்பெனியின் எல்லாக் கணினிக்கும் கேபிள் வழியே போய்ச் சேரும். ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும். பென்டிரைவ் வேலை செய்யாது. எல்லாத் திரையிலும் முதலாளி கையில் பேண்டேஜ் சுருளோடு சிரிப்பார். இதற்குக் குரூப் பாலிசி என்று பெயர். முதலாளி சிரிப்பதற்காக நான் நான்கு வருஷம் பி.இ. படித்தேன்.

விதியை ஏற்ற கணினி என் திரையில் பச்சைப் புள்ளி. ஏற்காதது சிவப்பு. ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. என் மனைவியுடையது.

(இறந்துபோன மனைவியுடையது. இதை முதல் வரியிலேயே வைத்திருக்கலாம். அப்படி வைக்கிற கதைகளை நான் பாதியில் மூடிவிடுவேன்.)

2

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: 'மலையில் மேகம் இறங்கியிருந்தது. செங்கோட்டை ரயில் ஊளையிட்டபடி—' அடித்துவிட்டேன். மலைக்கு இதில் வேலை இல்லை. ரயிலில் யாரும் ஏறப்போவதும் இல்லை.

பிறகு: 'வெங்கடேஸ்வரி சிரித்தால்—' இதுவும் போயிற்று. கதைகளில் இறந்த மனைவிகள் எல்லாரும் மெல்லப் பேசுகிறார்கள், பூ வைத்திருக்கிறார்கள். இவள் மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகவே மேனேஜர் மாரீஸ்வரனிடமிருந்து தொடங்குகிறேன். எழுதி அவரைக் கெடுக்க எதுவும் இல்லை.

"ஏலே காசி, அம்புட்டும் பச்சையா இருக்கு, ஒண்ணு மட்டும் என்னலே செவப்பா நிக்கு?"

"பாக்கேன் சார்."

"திங்கக்கெழம ஆடிட்டர் வாரான். வெளிநாட்டு ஆர்டரு. ஒரு மெஷின் வெளிய நின்னாலும் எழுதிப்புடுவான். ஒன் கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா..."

'ஆனா'வுக்குப் பிறகு சொன்னதை எழுதவில்லை. அதற்கு முன்னால் சொன்னதே அதற்காகத்தான்.

3

கடவுச்சொல் விதியும் நான் எழுதியதே. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையது திரும்ப வரக் கூடாது. யாரிடமும் பகிரக் கூடாது. (ஏன் மாற்ற வேண்டும்? அப்போது நிபுணர்கள் அதுதான் பாதுகாப்பு என்றார்கள். இப்போது அதே நிபுணர்கள் அது வீண் வேலை என்கிறார்கள். இரண்டு தடவையும் சம்பளம் வாங்கியிருப்பார்கள்.)

வெங்கடேஸ்வரி அதே கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரே பைக்கில் வருவோம்.

"இன்னைக்கும் பாஸ்வேர்டு மாத்தச் சொல்லுது."

"மாத்து."

"ஒங்களத் திட்டித்தான் வைப்பேன்."

"வையி. எட்டு எழுத்துக்குக் கொறையக் கூடாது."

"எட்டா? ஒங்களுக்கு எட்டு பத்துமா?"

அன்றிலிருந்து அவளுடைய ஒவ்வொரு கடவுச்சொல்லும் என் மேல் ஒரு வசவு. ஆங்கில எழுத்தில் தமிழ் வசவு, பின்னால் ஒரு எண், ஒரு ஆச்சரியக்குறி. பழையது செல்லாது என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்தாள். மாற்றிய பிறகு பழையதைச் சொல்லிவிடுவாள்: களிமண்தலை. ஊமைக்கோட்டான். ஆறிப்போனகாப்பி. நடப்பில் இருப்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

"ஒங்க விதிதான? பகிரக் கூடாது."

ஒரு மத்தியானம் காய்ச்சலோடு எழுந்து வீட்டுக்குப் போனாள். கணினியை அணைக்கவில்லை. ஐந்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொண்டது. டெங்கு.

(இங்கே ஆஸ்பத்திரி பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். இதைவிட நன்றாக எழுதிய ஆஸ்பத்திரியை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள்.)

4

நூர்னிசா அக்காவை எழுதுவதில் எனக்குத் தயக்கம். வெங்கடேஸ்வரிக்குப் பக்கத்து இருக்கை. நல்லவராக வந்துவிடுவாரோ என்று பயம். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஏசியை யாரையும் கேட்காமல் அணைப்பவர். அடுத்தவர் டப்பாவில் ஊறுகாய் எடுப்பவர்.

சிவப்புப் புள்ளியைத் தேடி அங்கே போனேன். வெங்கடேஸ்வரியின் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. யு.பி.எஸ். அதைச் சாக விடவில்லை. பூட்டிய திரையில் அவள் பெயர். பின்னால் நெட்வொர்க் கேபிள் பிடுங்கிக் கிடந்தது. சுருட்டி, எங்கள் கம்பெனி பேண்டேஜ் துணியால் முடிச்சுப் போட்டு.

"அக்கா, இத யாரு பிடுங்குனது?"

"நாந்தான்."

"ஏன்?"

"நீங்கதான தம்பி மெயில் போட்டிய? மூணு மாசம் யாரும் தொறக்காத கணக்கு மெஷின்லருந்து தானா அழிஞ்சிரும்னு. எல்லாம் இந்த வயரு வழியாத்தான் வரும்னு சோறு திங்கும்போது அம்புட்டு நேரம் வெளக்குனியள்லா. அதான் பிடுங்குனேன்."

"அது எல்லாருக்கும் போட்ட மெயில்க்கா."

"எல்லாருக்கும்னா இவளுக்குந்தான?"

'என் கண்கள்—' இல்லை. என் கண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேபிளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செருகினால் விதி வந்து சேரும். கணினி ஒருமுறை அணைந்து எழும்போது அவள் கணக்கு போய்விடும். முதலாளி சிரிப்பார்.

(கெட்டிக்கார வாசகர் கேட்பார்: நீதானே நிர்வாகி, வேறு வழியில் நுழைந்து நகல் எடுக்கலாமே. எடுக்கலாம். கப்பல் தேதிகளும் பில்களும் கிடைக்கும். கடவுச்சொல் கிடைக்காது, அதை எழுத்தாக எங்கும் வைப்பதில்லை. சர்வரில் அவள் கணக்கை அப்போதே முடக்கிவிட்டார்கள். கேபிள் இல்லாத இந்தக் கணினிக்கு அது தெரியாது. அவளுடைய கடைசி வசவு இன்னும் செல்லுபடியாகிற ஒரே இடம் இந்தத் திரை.)

"அவ டைப் அடிக்கும்போது வாய்க்குள்ள முணங்கிக்கிட்டேதான் அடிப்பா," என்றார் அக்கா. "கடைசியா மாத்துனது எனக்குத் தெரியும். சொல்லவா?"

"கடவுச்சொல்ல வெளிய சொல்லக் கூடாதுக்கா."

"இதுக்கும் விதி வச்சிருக்கியளாக்கும்?"

"ரொம்ப மோசமானதா?"

"நீங்க இப்ப நிக்கிய பாருங்க. அதுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

5

ஒவ்வொரு விதிக்கும் சர்வரில் மூன்று பொத்தான்கள் உண்டு. இயக்கு. நிறுத்து. மூன்றாவது, நாட் கான்ஃபிகர்டு: சர்வர் எதுவும் சொல்லாது, கணினியில் என்ன இருக்கிறதோ அதுவே இருக்கும்.

முதல் முடிவு: செருகுகிறேன். எல்லாம் பச்சை. மாரீஸ்வரன் என் தோளில் தட்டுவார். அந்தக் கையை அதன் பிறகு எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியாது.

இரண்டாம் முடிவு: அக்கா சொல்கிறார், அடிக்கிறேன், திரை திறக்கிறது. எனக்கென்று ஒரு வரி அங்கே காத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். இருக்காது. காஸ் துணி பற்றிப் பாதி அடித்த கடிதம் இருக்கும். அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பொத்தானில்தான் நான் போன வருஷத்திலிருந்து இருக்கிறேன். ஆடிட்டர் அதை ஏற்க மாட்டார்.

"தம்பி, சொல்லவா வேண்டாமா? எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவரை இப்படியே நிறுத்திவிட்டு எழுந்துகொள்கிறேன். திங்கட்கிழமைக்குள் நீங்கள் போய் அவரிடம் கேளுங்கள். சொல்வார். ஊறுகாய் கொண்டுபோனால் உடனே சொல்வார். தெரிந்துகொண்ட பிறகு, சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் என்னைப் பார்த்தால், பின்னாலிருந்து ஒரே ஒரு தடவை அந்த வசவைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

திரும்புகிறேனா என்று பாருங்கள்.