வசிலி நட்ட கம்புகள்

அந்த வருஷம் ஆறு அக்டோபரிலேயே உறைந்துவிட்டது. படகுகளைக் கரையேற்றக்கூட நேரம் கொடுக்காமல் மூன்றே நாளில் இறுகிவிட்டது. நல்ல குளிர் பத்து நாள் நின்றது. என் தம்பி வசிலி இரும்பு முனைக் கம்பால் அடிக்கு அடி குத்திப் பார்த்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வில்லோ மரக் கம்புகளை வரிசையாக நட்டுவிட்டு வந்தான். வருஷா வருஷம் அவன்தான் நடுவான். எண்ணெய்த் தொட்டிகளுக்கு நேரே ஆற்றுக்கு அடியில் ஒரு சுழி இருக்கிறது. மேலே எவ்வளவு கனமான பனிக்கட்டி வந்து நின்றாலும் அடியிலிருந்து அரித்துத் தின்றுவிடும். அதனால் அவனுடைய வரிசை சுழிக்கு இருநூறு அடி கீழே, ஆறு கடலுக்குப் போகும் பக்கமாக, தேவாலயத்துக்கு நேராக வந்து கரையேறும். கம்பை விட்டு விலகக் கூடாது என்று எங்கள் பிள்ளைகளுக்கு நடை பழகும்போதே சொல்லிவைப்போம்.

நவம்பர் முதல் வாரத்தில் மழை வந்தது. பனி பெய்ய வேண்டிய மாதத்தில் மழை பெய்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது மழையா, யாரோ கூரைமேல் ஏறி நின்று சரளைக் கல்லை அள்ளி வீசுவதா என்று தெரியாதபடி இரண்டு நாள் அடித்தது. கடல் பக்கத்துக் காற்று ஆற்றைப் பின்னுக்குத் தள்ளியது. தண்ணீர் ஊருக்குள் ஏறியது. எதிர் வீட்டு நீராவிக் குளியல் கொட்டகை புகைக்குழாயோடு மிதந்து போய்ப் பள்ளிக்கூடத் தூணில் மோதிச் சிதறியது. காலி எண்ணெய்ப் பீப்பாய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தெருவில் சுற்றின. சங்கிலியில் கட்டியிருந்த நாய்கள் தங்கள் கூண்டின்மேல் ஏறி நின்று ஊளையிட்டன. இரண்டாம் நாள் காலையில் அதில் இரண்டு நாய்களின் சத்தம் நின்றுபோனது. ஆற்றுப் பக்கமிருந்து இடி இடித்த மாதிரி பனி உடையும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. பனி தாங்கிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

என் புருஷன் மத்வி அக்கரையில் இருந்தான். மழைக்கு முதல் நாள் மீன் பொறி வைக்கப் போனவன். அக்கரை தாழ்வான இடம், ஒதுங்க ஒரு மேடு கிடையாது. அன்று மதியம் ரேடியோவில் அவன் குரல் வந்தபோது பல் அடித்துக்கொள்ளும் சத்தமும் கூடவே வந்தது.

"ஒலிங்கா, கேக்குதா? கூடாரம் போச்சு. தண்ணி முழங்காலுக்கு வந்துடுச்சு. சறுக்குவண்டி மேல ஏறி நிக்கிறேன். பிடிச்ச மீனெல்லாம் பொறியோட கிளம்பிப் போகுது, போய்ட்டு வரேன்னுகூடச் சொல்லல."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. பனிவண்டி ஓடுதா?"

"ஓடுது. எவ்வளவு நேரம் ஓடும்னுதான் தெரியல. மழையில ஊர்ப்பக்கம் ஒண்ணுமே தெரியல. கம்பு மட்டும் தெரியுது. வரட்டுமா?"

எங்கள் ஊரில் ரேடியோவில் பேசினால் ஊரே கேட்கும். இரண்டு வீடு தள்ளியிருந்த ஃபியோதோரா, நிறைமாதத்துக்கு இரண்டு மாதம் இருக்கிறவள், குறுக்கே வந்தாள்.

"அக்கா, எதுக்கும் உன் தம்பிய ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"நீ உன் வயித்தைப் பாருடி" என்றேன். மத்விக்கும் வசிலிக்கும் பேச்சுவார்த்தை நின்று இரண்டு வருஷம். வலை போடும் இடம் யாருக்கு என்று தொடங்கி, மத்வி அவன் மூக்கை உடைத்து, படகிலேயே இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். அதற்குப் பிறகு எதிரே வந்தால்கூட ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். ஆனால் ஆற்றில் இறங்கினால் மத்வி வசிலியின் கம்பைத் தவிர வேறெதையும் நம்ப மாட்டான். அந்த முட்டாள்தனத்தை நினைத்து நான் பல நாள் சிரித்திருக்கிறேன்.

"கம்பைப் பிடிச்சுக்கிட்டே வா. கொஞ்சம்கூட விலகாத" என்றேன் ரேடியோவில்.

"விலகி எங்க போகப்போறேன். டீ போட்டு வை."

வண்டியின் உறுமல் கேட்டது. பனிக்கு மேலேயே முழங்கால் அளவு சேறாய்த் தண்ணீர் நின்றது. ஒரு மைல் அகலத்தை நடக்கும் வேகத்தில்தான் கடக்க முடியும். நான் இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். அப்போதுதான் கதவை உதைத்துக்கொண்டு வசிலி உள்ளே வந்தான். இடுப்புவரை நனைந்திருந்தான்.

"அவனைக் கிளம்பச் சொல்லிட்டியா?"

"கிளம்பிட்டான். உன் கம்பைப் பிடிச்சுத்தான் வரான்."

"நிறுத்தச் சொல்லு. கம்பு சரியில்ல. தேவாலயத்துப் பக்கமா, கீழ இறங்கி வரச் சொல்லு."

"உன் கம்பு சரியில்லையா?"

"கரையில போய்ப் பாத்துட்டுதான் வரேன் அக்கா. கம்பெல்லாம் நட்டது நட்டபடிதான் நிக்குது. ஆனா..."

அவனை முடிக்க விடாதது நான்தான். கம்பு நட்டது நட்டபடி நிற்கிறது, ஆனால் அதை விட்டு விலகி வரச் சொல் என்றால் எனக்கு ஒன்றுதான் தோன்றியது.

"ரெண்டு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்த? குறி இல்லாத பனியில அவனை இறக்கிவிட்டு வேடிக்கை பாக்கணும். அதானே?"

"பைத்தியமா உனக்கு? மைக்கைக் குடு."

அவன் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினான். நான் அடுப்பிலிருந்த சட்டியை எடுத்து அவன் வாயில் அடித்தேன். ஓங்கித்தான் அடித்தேன், இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அவன் ரேடியோமேல் சாய்ந்தான். மைக் கம்பி வேரோடு பிய்ந்து வந்தது, பெட்டி தரையில் விழுந்து செத்தது. அவனுடைய முன்பற்கள் இரண்டு மேசைமேல் கிடந்தன.

அவன் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தைக் கையால் வழித்துச் சுவரில் தேய்த்துவிட்டு, கதவோரம் இருந்த என் புருஷனின் கயிற்றுச் சுருளை எடுத்துக்கொண்டான். "வா, வந்து நீயே பாரு" என்று சொன்னதுபோல இருந்தது. வாய் கிழிந்திருந்ததால் சரியாகப் புரியவில்லை. அவனை விடக் கூடாது என்ற வெறியில்தான் நான் பின்னால் ஓடினேன். கையில் சட்டியும் இருந்தது.

கரைக்குப் போனதும் சட்டி தானாகக் கீழே விழுந்தது. தேவாலயத்துக்கு நேரே நிற்க வேண்டிய கடைசிக் கம்பு எண்ணெய்த் தொட்டிக்கு நேரே நின்றது. ஒரு கம்புகூடச் சாயவில்லை. வெள்ளம் பனியைத் தூக்கி, முழுத் தகடாக, வரிசை கலையாமல், ஓட்டத்துக்கு எதிராக இருநூறு அடி மேலே நகர்த்தி வைத்திருந்தது. காலையில் கேட்ட இடிச் சத்தம் அதுதான். நான் என் புருஷனைச் சுழிமேல் கூப்பிட்டிருந்தேன்.

"என் கழுத்தை அறுத்துப் போடு" என்றேன்.

வசிலி கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை என் கையில் திணித்தான். கரைக்கும் பனிக்கும் நடுவே கறுப்புத் தண்ணீர் ஓடியது. தாண்டிக் குதித்தான். விழுந்து, எழுந்து, இரும்பு முனைக் கம்பால் குத்திக் குத்திப் போனான். காற்று என்னைக் கீழே தள்ளியது. முட்டி போட்டு உட்கார்ந்து கயிற்றை விட்டுக்கொண்டிருந்தேன். மழைக்குள்ளிருந்து வண்டியின் விளக்கு தெரிந்தது. கம்பு கம்பாக, விலகாமல், நான் சொன்னபடியே வந்துகொண்டிருந்தது.

கயிறு தீர்ந்துபோனது. என் கை இழுபட்டது. "வசிலி, போதும், வந்துடுடா" என்று கத்தினேன். ஒரு கணம் இழுவை அப்படியே நின்றது. பிறகு கயிறு தளர்ந்தது. அறுந்தால் வெடுக்கென்று தெரியும். இது மெதுவாகத் தளர்ந்தது. அவன் முடிச்சை அவிழ்த்துவிட்டான்.

சுழி இருக்கும் இடத்துக்கே போய் இரண்டு கம்புகளைப் பிடுங்கித் தலைக்கு மேல் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றான். குறுக்குக் கம்பு என்றால் தண்ணீர் என்று அர்த்தம். அதை நடுவதற்கு நேரமில்லாமல் அவனே நின்றுவிட்டான். வண்டி விளக்கு அவன்மேல் விழுந்தது. வாய் முழுக்க ரத்தத்தோடு நின்றவனை மத்வி பார்த்தான். வண்டியைத் தேவாலயத்துப் பக்கம் ஒடித்துத் திருப்பினான். வசிலி கம்புகளைக் கீழே இறக்கினான். அவன் நின்ற இடம் சத்தமே இல்லாமல் உள்ளே போனது.

நான் குதிக்கப் போனேன். மத்வி வண்டியோடு கரையேறி வந்து என்னைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவன் கையைக் கடித்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஆறு வசிலியைத் திருப்பித் தரவில்லை. ஜனவரியில் ஃபியோதோராவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. செத்தவர் பெயரை அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பதும், வைத்த பிறகு அந்த உறவிலேயே அதைக் கூப்பிடுவதும் எங்கள் வழக்கம். குழந்தை வசிலி ஆனான். அவனுக்குப் புது உடுப்பு தைத்துக் கொடுக்க வேண்டியது செத்தவனின் அக்காவான நான். ஐந்து மாதம் நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. உடுப்பை மத்வியிடம் கொடுத்தனுப்பினேன். அவன் போய்த் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வானாம்.

"மச்சான், வலை போடற இடத்தை நீயே வெச்சுக்கோ. நான் கீழ போட்டுக்கறேன்" என்று தினமும் சொல்வானாம். ஃபியோதோரா சொன்னாள்.

ஜூன் மாதம் ஆறு திறந்து முதல் மீன் வந்தது. சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஃபியோதோரா குழந்தையை என் மடியில் போட்டாள்.

"உங்க அக்கா வந்திருக்கா பாருடா. இப்பதான் வழி தெரிஞ்சுதான்னு கேளு."

சூப்பில் விரலை நனைத்து அவன் வாயில் வைத்தேன். சுருக்கென்று வலித்தது. கீழ் ஈறைத் தடவிப் பார்த்தேன். அரிசி மாதிரி இரண்டு பற்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டு இன்னும் அழுத்திக் கடித்தான்.

"விரலை எடு அக்கா. போன வாரம்தான் முளைச்சுது, பயங்கரமாக் கடிப்பான்" என்றாள் ஃபியோதோரா.

"கடிக்கட்டும்டி" என்றேன். விரலை எடுக்கவில்லை.