எண்பத்தெட்டாவது நிமிடத்தின் நான்கு விநாடிகள்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பானுப்ரியா, போன ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பும் கையுமாக இறங்கி வந்து கேட்டாள்.

"சார், நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கல்ல? எனக்கு ஒரு காரணம் எழுதித் தாங்க."

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் நான் எழுத்தாளன் என்று நாலைந்து பேருக்குத் தெரியும். அத்தனை பேரும் மாநகராட்சிக்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்தவர்கள். சாக்கடை அடைப்பு பற்றி நான் எழுதிய மனு இரண்டே நாளில் வேலை செய்தது. என் சிறுகதைகள் எதுவும் அப்படி வேலை செய்ததாகத் தகவல் இல்லை. அதனால் உற்சாகமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டேன். எதற்குக் காரணம் வேண்டும் என்று கேட்டேன்.

"நேத்து இங்கிலாந்துல ஒரு கோல் விழுந்துச்சு சார். அது நான் போட்டது."

பானுவுக்கு இருபத்தாறு வயது. முசிறிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா சின்னையா வாழை விவசாயி. எனக்குத் தெரிந்து இந்தப் பெண் பந்தைக் காலால் தொட்டதே கிடையாது.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"லண்டன் மாநகரின் மேல் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. மைதானத்தில் எண்பதாயிரம் தொண்டைகள் ஒரே குரலில்—"

யமுனா எட்டிப் பார்த்தாள். (என் மனைவி. என் முதல் வாசகி. பல சமயம் கடைசி வாசகியும் அவளே.)

"அங்க மத்தியானம் மூணு மணிங்க. நமக்கு ஏழரைக்குத்தானே மேட்ச் ஆரம்பிச்சுது? அந்தி எங்கேருந்து வந்துச்சு?"

அழித்துவிட்டேன். லண்டனை நான் பார்த்ததும் இல்லை. அடுத்த முயற்சி:

"தென்னூரில் ஓர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஏசி குளிருக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஒரு பெண், இங்கிலாந்தின் இரண்டு ஊர்களுடைய தலைவிதியை—"

'தலைவிதி' கொஞ்சம் அதிகம். ஆனால் இடம் சரி. கதை நடப்பது லண்டனில் இல்லை, பானுவின் அலுவலகம் இருக்கும் தென்னூரில்தான். லண்டனில் பந்துதான் உருண்டது.

இந்த இடத்தில் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது.* இங்கிலாந்தில் கால்பந்து அணிகளைப் பள்ளிக்கூட வகுப்பு மாதிரி, ஆனால் தலைகீழாக, முதல் வகுப்புதான் உச்சி என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். வருடக் கடைசியில் இரண்டாம் வகுப்பின் முதல் இரண்டு அணிகள் நேராக முதல் வகுப்புக்குப் போய்விடும். அடுத்த இடங்களில் இருக்கும் அணிகள், மிச்சமிருக்கும் ஒரே ஓர் இடத்துக்காகத் தங்களுக்குள் முட்டி மோத வேண்டும். அதன் இறுதி ஆட்டம்தான் இது. வருடம் முழுக்க நாற்பத்தாறு ஆட்டம் ஆடியவர்கள், ஒரே ஒரு மாலையில், மன்னிக்கவும், ஒரே ஒரு மத்தியானத்தில் மேலே போவார்கள் அல்லது அங்கேயே கிடப்பார்கள்.

இந்தக் கதையில் அந்த இரண்டு அணிகள் ஹார்ட்பி டவுன், மார்ஸ்டோ ரோவர்ஸ். இரண்டும் நான் வைத்த பெயர்கள். உண்மைப் பெயரைப் போட்டால் பானு என்னைச் சும்மா விடமாட்டாள்.

* கால்பந்து தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போதுதான் ஞாபகம் வந்தது.

3

பானுவின் வேலையை ஒரே வரியில் சொன்னால்: அவள் கால்பந்து ஆட்டத்தைத் தட்டச்சு செய்கிறாள்.

திரையில் ஆட்டம் ஓடும். யார் யாருக்குப் பந்தைத் தள்ளினார், யார் யாரை இடறினார், யார் அடித்தார், அது எங்கே போனது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு விசை. பானு அழுத்துவதுதான் உலகத்துக் கைப்பேசிகளில் ஸ்கோராக வந்து விழும். அந்த அலுவலகத்தில் ஆளுக்கு ஓர் அணி. மூன்று வருடமாகப் பானுவுக்கு ஹார்ட்பி. எதிரணியை வேறு ஏதோ நாட்டில் உட்கார்ந்து வேறு யாரோ குறிப்பார்கள்.

அலுவலகச் சுவரில் இரண்டு விதிகள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று: கண் பார்த்த பிறகுதான் விரல். இரண்டு: உங்களுக்கு அணி கிடையாது. ஓர் அணியின் பக்கம் மனது சாய்ந்தவர்கள் அந்த வேலைக்கு ஆகமாட்டார்கள், சாய்ந்தது தெரிந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

சனிக்கிழமை இதில் இன்னொரு சிக்கல் சேர்ந்துகொண்டது. முதல் வகுப்பு ஆட்டங்களைக் குறிக்கும் வேலை வேறொரு கம்பெனியின் கையில் இருக்கிறது. ஹார்ட்பி ஜெயித்து மேலே போனால், ஹார்ட்பி இவர்கள் கையைவிட்டுப் போகும். கூடவே பானுவின் வேலையும் போகும். வேலை போனால் முசிறிக்குத் திரும்ப வேண்டும். அங்கே சின்னையா ஒரு மாப்பிள்ளையின் ஜாதகத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு, மகளின் வேலை எப்போது போகும் என்று பொறுமையாகக் காத்திருக்கிறார்.

அதனால் பானு வெள்ளிக்கிழமை சமயபுரத்துக்குப் போய், மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டு வந்தாள். ஹார்ட்பி தோற்க வேண்டும்.

"அம்மனுக்கு எப்படிம்மா புரிய வெச்சே?" என்று கேட்டேன்.

"இங்கிலீஷ் டீமுன்னு சொன்னேன் சார். பேரையும் சொன்னேன். குழம்பிடக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னேன்."

4

இனி அந்த எண்பத்தெட்டாவது நிமிடம். ஸ்கோர் 1–1.

ஹார்ட்பியின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரன் டேனிக்கு இடது ஓரத்தில் பந்து கிடைக்கிறது. டேனியைப் பானு மூன்று வருடமாகப் பார்க்கிறாள். அவனுக்கு எந்தக் காலில் வலி, எந்த மாதத்தில் அவன் ஆட்டம் சோர்ந்துபோகும், கோபம் வந்தால் யாரை முறைப்பான், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. (அவளுடைய அண்ணனைப் பற்றி இவ்வளவு தெரியுமா என்று கேட்டேன். "அவனை யாரு சார் உக்காந்து பாக்கறது" என்றாள்.) அடிப்பதற்கு முன்னால் டேனி இடது தோளைக் கொஞ்சம் இறக்குவான். அப்படி இறக்கி அடித்த பந்து ஒன்றுகூட வெளியே போனதில்லை.

டேனி தோளை இறக்கினான். பானு கோல் விசையை அழுத்திவிட்டாள்.

பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது.

அவள் அழுத்தியதை அழிக்க நான்கு விநாடி ஆனது. அந்த நான்கு விநாடியும் உலகம் முழுக்க ஹார்ட்பி 2–1 என்று முன்னால் இருந்தது. என் கைப்பேசியிலும்தான். பானுதான் அந்தச் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தாள். "யமுனா, பானு டீமு ஜெயிக்குதுடி!" என்று நான் கத்தியதும், தோசைக் கரண்டியோடு ஓடி வந்தாள். வருவதற்குள் 1–1.

"எங்க ஜெயிக்குது? கண்ணாடியைத் தொடச்சுப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

ஹார்ட்பியில் அப்போது ஒரு கிழவர் கையில் கைப்பேசியோடு நாற்காலியிலிருந்து எழுந்து, மனைவியின் படத்தைப் பார்த்து— (இந்தக் கிழவர் என் சரக்கு. இல்லாத ஆள். கதையில் கண்ணீர் குறைவாக இருக்கிறதே என்று சேர்த்தேன். நீங்கள் பொருட்படுத்த வேண்டாம்.)

தொண்ணூற்று மூன்றாவது நிமிடத்தில் மார்ஸ்டோ ஒரு கோல் போட்டு ஜெயித்துவிட்டது. ஹார்ட்பி மேலே போகவில்லை. பானுவின் வேண்டுதல் நிறைவேறியது. சமயபுரத்து அம்மனுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கண்கள் வீங்கியிருந்தன.

"வேலை மிஞ்சிச்சேம்மா, அப்புறம் ஏன் அழுதே?"

"தெரியல சார். அந்தக் காசைக் கொண்டுபோய் உண்டியல்ல போடணும். போட மனசே வரல."

5

வேலை முழுசாக மிஞ்சவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான்கு விநாடி பொய் கோலுக்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் படிவத்தை நிரப்ப வேண்டும். அதில் காரணங்களின் பட்டியல் ஒன்று இருந்தது: கருவிக் கோளாறு, இணையக் கோளாறு, கவனப் பிசகு, அணிச் சார்பு. கடைசியைத் தொட்டால் வேலை போகும்.

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டார். மேலாளர் கிளமென்ட்டை அதற்குத் தயார் செய்தேன். மீசை வைத்தேன், குரலைக் கனமாக்கினேன். ஆனால் பானு சொன்ன கிளமென்ட் எனக்கு ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரியே அவளுக்கு ஃபோன் செய்து, "கீபோர்டு மக்கர் பண்ணிச்சுன்னு எழுதிடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன மனிதர் அவர். மீசையை எடுத்துவிட்டேன்.

என் வரைவுகள்:

(அ) மின்தடை. "தென்னூர்ல கரண்டே போகல சார். போனாலும் ஜெனரேட்டர் இருக்கு."

(ஆ) விரலில் கொசு. "மூணாவது மாடி ஏசி ரூம்லயா?" ஸ்ரீரங்கத்திலிருந்து அவளுடனேயே பஸ்ஸில் வந்த கொசு என்று எழுதலாம் என்றேன். யமுனா உள்ளேயிருந்து சிரித்தாள்.

(இ) கிளமென்ட் சொன்னதுதான். ஆனால் என் கைவண்ணத்தில். விசை இரண்டு நாளாகவே ஒட்டிக்கொண்டிருந்தது, பக்கத்து விசையை அழுத்தியபோது இதுவும் சேர்ந்து இறங்கியது, பத்து வரி. திரும்பப் படித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

"நாலு செகண்டு பொய் சொன்னதுக்கு வேலை போயிடுமோன்னு அவ பயந்துகிட்டிருக்கா" என்றாள் யமுனா காபியை வைத்தபடி. "நீங்க இருபது வருஷமா சொல்றீங்க, ஒருத்தரும் விளக்கம் கேக்கல."

6

பானு என் பத்து வரியை இரண்டு முறை படித்தாள்.

"நல்லா இருக்கு சார். படிச்சா நானே நம்பிடுவேன் போல."

"அப்ப அனுப்பிடு."

அவள் அனுப்பவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் கதாபாத்திரம் ஜன்னல் வழியே வெளியே பார்க்க வேண்டும் என்பது வழக்கம். எங்கள் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் இருக்கிறது. அவள் லேப்டாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு வருஷமா அவங்க போட்ட கோலைத்தான் சார் எழுதியிருக்கேன். நான்னு போட்டது இந்த ஒண்ணுதான். அதைப் போயி கீபோர்டு போட்டுச்சுன்னு எழுதச் சொல்றீங்க."

எழுதித் தருகிறேன் என்று உட்கார்ந்தவன், அவளிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் கொசுவரை போய்விட்டு வந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

"ஏம்மா அழுத்தினே?"

"உள்ள போகணும்னு நெனச்சேன் சார்."

"தோக்கணும்னு வேண்டிக்கிட்டேயே?"

"அது வெள்ளிக்கிழமை சார். டேனி தோளை எறக்கறப்ப எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்ல."

என் பத்து வரியை அழித்தாள். 'அணிச் சார்பு' என்பதைத் தொட்டாள். கீழே, ஆங்கிலத்தில் ஆறே சொற்களில், அந்தப் பந்து உள்ளே போக வேண்டும் என்று விரும்பினேன் என எழுதி அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமைவரைகூடக் காத்திருக்கவில்லை.

கிளமென்ட் அரை மணி நேரத்தில் ஃபோன் செய்தார். "அறிவிருக்காம்மா உனக்கு?" என்று அவர் கேட்டது எனக்கும் கேட்டது. மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். கூடவே தன் கைப்பட நல்ல வார்த்தையும் எழுதியிருக்கிறாராம். பதில் வெள்ளிக்கிழமை வரும்.

7

இன்று வியாழக்கிழமை.

கதையை இன்றே முடித்துவிடலாம் என்று சில முடிவுகளைச் செய்து வைத்தேன். ஒன்றில் மேலிடம் அவளுடைய நேர்மையை மெச்சிச் சம்பளத்தைக் கூட்டுகிறது. (எந்த மேலிடம்?) இன்னொன்றில் வேலை போய், அவள் முசிறி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து— (ஜன்னல் கிடைத்ததுமே நான் விடுவேனா.) மூன்றாவதில் அந்த இல்லாத கிழவர் ஹார்ட்பியிலிருந்து கடிதம் போடுகிறார். வேண்டாம்.

சாயங்காலம் பானு வாடகை ரசீது வாங்க வந்தவள், மேசையில் இருந்த இந்தத் தாள்களைப் பார்த்துவிட்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். கொசு வந்த இடத்தில் சிரித்தாள். அண்ணனைப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னாள். (எடுக்கவில்லை.) கடைசிப் பக்கம் வந்ததும் கேட்டாள்.

"இது கதைதானே சார்? மாத்தலாம்ல?"

"தாராளமா. எதை மாத்தணும்?"

"அந்தப் பந்து உள்ள போயிடுச்சுன்னு எழுதுங்க."

படிவம், கிளமென்ட், வெள்ளிக்கிழமைப் பதில், இவற்றைத்தான் மாற்றச் சொல்வாள் என்று நினைத்திருந்தேன்.

"உள்ள போனா ஹார்ட்பி மேல போயிடும்மா. அப்புறம் வெள்ளிக்கிழமைன்னு ஒண்ணே இல்ல. வேலை நேராவே போயிடும்."

"தெரியும் சார்."

"ஜாதகம் பீரோவுல இருக்கு."

"தெரியும் சார். நீங்க எழுதுங்க."

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். ரசீதை மறந்துவிட்டாள்.

இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெண்ணை என் கையால் முசிறிக்கு அனுப்ப மனம் வரவில்லை. இவ்வளவு கேட்ட பிறகு, பந்தை மறுபடியும் கம்பத்தில் கொண்டுபோய் அடிக்கவும் மனம் வரவில்லை. யமுனாவிடம் கேட்டேன். "அவ கேட்டதைச் செய்ங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "இருங்க, அவசரப்படாதீங்க" என்றும் சொன்னாள். என்னால் முடிந்தது இவ்வளவுதான்:

எண்பத்தெட்டாவது நிமிடம். டேனி இடது தோளை இறக்கிவிட்டான். பந்து அவன் காலைவிட்டுக் கிளம்பிவிட்டது. தென்னூரில் பானு இன்னும் எதையும் அழுத்தவில்லை. பந்து—

மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். பார்த்து எழுதுங்கள், அவள் படிப்பாள்.