ஜன்னலோர அறை விளம்பரம்

"உனக்கு என்னதான் வேணும்னு வாயைத் திறந்து சொல்லேன்."

"ஒண்ணும் வேணாங்க."

"பொய். கடையை விட்டு வெளியே வந்த அப்புறமும் அந்தச் செருப்பைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே."

"கேட்டு வாங்கினா அதுல என்னங்க சுகம் இருக்கு?"

"அப்படியா? சரி, என்கிட்ட சொல்லாதே. இதுகிட்ட சொல்லு." புதிதாக வாங்கி வந்திருந்த டேப்லெட்டை அவள் மடியில் வைத்தான். "ஒரே ஒரு தடவை தேடிட்டு மூடி வெச்சுடு. போன்லயும் இதுலயும் நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கணக்குதானே? நாளைக்கு நான் எங்க போனாலும் அந்தச் செருப்பு என் போன்ல பின்னாடியே நடந்து வரும்."

"அட, அப்ப நான் கேட்ட மாதிரியே இருக்காது!"

"அதான் விஷயம். ஆனா ஒரு சட்டம். பார்த்ததைப் பத்தி ரெண்டு பேரும் மூச்சு விடக் கூடாது. செஞ்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடணும்."

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு அது. தான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தவளுக்கு அது இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், கையிலிருந்த போன் அவளிடம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

'ஜன்னலோர அறை. அன்பான கவனிப்பு. தூக்கி இறக்கும் கவலை இனி உங்களுக்கு வேண்டாம்.'

படத்தில் வெள்ளைப் படுக்கை, பக்கத்தில் ஒரு சக்கர நாற்காலி, சிரித்த முகத்தோடு ஒரு நர்ஸ். நடக்க முடியாதவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம்.

அவன் தேடியிருக்கிறான் என்று அவள் நினைத்தாள். வேறெப்படி நினைப்பாள்? இத்தனை வருஷமாக அந்த வீட்டில் விளம்பரம் என்றால் மற்றவர் கேட்கிறார் என்றுதானே அர்த்தம்.

அன்று அவள் தேடிய செருப்பு அந்த வாரமே வந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கிரீஸ் கையோடு போனைத் திறந்தால் பெண்கள் செருப்பாகக் குதிக்கிறது என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்தார்களாம். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு கைப்பை, அவனுக்கு மழைக்கோட்டு, சமையலறைக்கு ஒரு சின்ன விளக்கு. ஒரு சண்டைக்குப் பிறகு அவள் போனில் நாள் முழுக்க பூக்கடை விளம்பரமாக வந்தது. 'மன்னிப்பு கேட்பது எப்படி' என்று அவன் தேடித் தொலைத்திருக்கிறான். வாடிக்கையாளர் ஒருவரின் மூக்கில் பிரேமைச் சரிசெய்துகொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "என் மூக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்று அவர் கோபித்துக்கொண்டு போனார்.

அதெல்லாம் அவன் கால்கள் நன்றாக இருந்த காலத்தில்.

நரம்பில் ஒரு நோய். கால் விரலில் தொடங்கி, கணுக்காலுக்கு வந்து, முழங்காலைத் தாண்டிவிட்டது. "இது மேல ஏறும். இறங்காது" என்றார் டாக்டர். "அப்ப பிரேக் போயிடுச்சு சார்" என்றான் அவன். டாக்டருக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது; பிரேக் போன காலி லிஃப்ட் மேலேதான் ஏறும் என்று அவன் சொல்லியிருக்கிறான். வெளியே வந்து சக்கர நாற்காலியைத் தள்ளியபடியே அழுதாள், அவன் பார்க்க முடியாத பக்கத்தில் நின்று.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு அவனை மாற்றுவது ஒரு கலை. அவன் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, இடுப்பு வாரைப் பிடித்து, ஒரே மூச்சில் எழுப்பித் திருப்ப வேண்டும்.

"எந்த மாடி சார்?" என்பாள் அவள்.

"தரைத்தளம். கொஞ்சம் மெதுவா இறக்கும்மா. ஊருக்கெல்லாம் லிஃப்ட் போட்டவன், ஆட்டம் கண்டா கண்டுபிடிச்சுடுவேன்."

இப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். பிறகு ஒரு நாள் காலை, குளியலறையில் அவள் முதுகில் ஏதோ நூல் அறுந்த மாதிரி இருந்தது. இருவருமாக ஈரத் தரையில் சரிந்தார்கள். எழுப்ப ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த மாடி என்று கேட்டாலும் பதில் வருவதில்லை. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

முதுகு வலியை அவனிடம் சொல்லவில்லை. கடைக்குப் பக்கத்து மருந்துக் கடையில் இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கி உடைக்குள்ளே கட்டிக்கொண்டாள். "பில்லுக்கு போன் நம்பர் சொல்லுங்க மேடம்" என்றான் கடைக்காரன். எல்லா இடத்திலும் கேட்பதுதானே, சொன்னாள். அன்று சாயங்காலமே அவள் போனில் இடுப்பு பெல்ட் வந்தது. 'தூக்குபவர்களின் முதுகுக்கு ஒரு துணை.'

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ்ஸில் எவனோ கை வைத்த மாதிரி. யாரிடமும் சொல்லாத வலி அது. டாக்டரிடம்கூடப் போகவில்லை. பிறகு வலி நிவாரணித் தைலம், வழுக்காத பாய், பெரியவர்களுக்கான டயப்பர். இருப்பிடம் காட்டுவதை அணைத்துப் பார்த்தாள். மைக்கை அடைத்தாள். போனைக் கடையில் லென்ஸ் வைக்கிற இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினாள். கடைக் கம்ப்யூட்டரில் ரசீது அடிக்கும்போது ஓரத்தில் அதே பெல்ட் வந்து நின்றது.

கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவரை எல்லோரும் 'பவர் அண்ணன்' என்பார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தலையெழுத்தும்மா. உங்க வீட்டுக்குள்ள அதுக்கு ஒரு நாற்காலி போட்டுக் குடுத்துட்டீங்க. இனி எழுந்து போன்னா போகுமா?"

"எனக்கு முதுகு வலின்னு அதுக்கு யாருண்ணா சொன்னது?"

"நீங்கதான். எப்பன்னுதான் உங்களுக்குத் தெரியாது."

அந்த வரிசையில்தான் ஜன்னலோர அறையும் வந்தது. ஆனால் அதை மட்டும் அவளால் போனின் வேலை என்று ஒதுக்க முடியவில்லை. பெல்ட்டை அவள்தான் வாங்கினாள், அதனால் வந்தது. இல்லத்தை அவள் தேடவில்லை. அப்படியானால் அவன்தான். குளியலறையில் விழுந்த பிறகு அவன் பேச்சு குறைந்ததற்கும் இதற்கும் கணக்குச் சரியாக இருந்தது.

போகாதீங்க. அந்த ஒரு சொல்லை அவள் தினமும் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவன் முகம் துடைக்கும்போது, மாத்திரை கொடுக்கும்போது, கால்களை மடக்கி நீட்டிவிடும்போது அது தொண்டைவரை வரும். ஆனால் அவன் கேட்டதற்கு முடியாது என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. இது அவன் தன்னிடம் கேட்கும் கடைசிப் பொருளாக இருந்தால்? விழுங்கிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா வீடியோவில் வந்தாள்.

"என்னடா, ரெண்டு பேரும் சண்டையா?"

"இல்லக்கா."

"சண்டை போட்டாத்தான்டா நல்லது. இப்படி ஆளுக்கொரு பக்கம் பொம்மை மாதிரி உக்காந்திருந்தா எனக்குப் பயமா இருக்கு. உன் மாமாவைப் பாரு. போன் பூரா முடி வளர்ற எண்ணெயா வருதாம். 'இது எப்படிடி என் தலையைப் பார்த்துச்சு'ன்னு போனைக் குப்புறக் கவுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கார்."

அவன் சிரித்தான். பல நாளைக்குப் பிறகு.

"ஏம்மா, நீ ஏன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே நடக்குறே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை அண்ணி. உக்காந்தே வேலை பார்க்குறேன்ல."

"என் முழங்கால் மட்டும் ஒழுங்கா இருந்தா நான் வந்து இருந்திருப்பேன். மாடிப்படி ஏறவே என்னால முடியலை." அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்துவிட்டாள்.

அவன் சிரிப்பு நின்றிருந்தது. அவளைப் பார்த்தான். பிறகு கட்டில் கம்பியில் மாட்டியிருந்த டேப்லெட்டைப் பார்த்தான்.

"அந்த இடத்தைப் போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்றான்.

எந்த இடம் என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதையே அவன் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

"சரிங்க" என்றாள்.

இல்லம் ஊருக்கு வெளியே, கிடங்குகளுக்கு நடுவே இருந்தது. சுத்தமான இடம். பினாயில் வாசம். ஜன்னலோர அறையில் ஜன்னல் உண்மையாகவே இருந்தது, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி. கட்டிலுக்கு இரண்டு பக்கமும் கம்பி. தலைமாட்டில் ஒரு சிவப்புப் பொத்தான். எதிர்க் கட்டிலில் ஒரு பெரியவர் வாசலைப் பார்த்துப் படுத்திருந்தார். இவர்கள் உள்ளே வந்ததும் தலையைத் தூக்கினார். தனக்கு யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேனேஜர் இளவயதுப் பெண். கழுத்தில் அட்டை. "விளம்பரம் பார்த்து வர்றவங்க எல்லாருமே ஜன்னல் ரூம்தான் கேப்பாங்க" என்றாள் சந்தோஷமாக.

"இவர்தான் தேடிக் கண்டுபிடிச்சார்" என்றாள் அவள். குரல் உடையாமல் இருக்கக் கொஞ்சம் சிரித்தும் வைத்தாள். "எதையும் நல்லா பார்த்துத்தான் எடுப்பார்."

"நானா?" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் தேடியிருக்க மாட்டீங்க" என்று மேனேஜர் சிரித்தாள். "தேடுற வரைக்கும் நாங்க காத்துக்கிட்டு இருக்குறதில்லை மேடம். அப்ப ரொம்ப லேட்டாயிடும். சக்கர நாற்காலி, பாத்ரூம் கைப்பிடி, அப்புறம் ஒரு முதுகு பெல்ட். இது மூணும் ஒரே வீட்டுக்குப் போச்சுன்னா விளம்பரக் கம்பெனிக்காரங்களே எங்க படத்தை அனுப்ப ஆரம்பிச்சுடுவாங்க. பெரும்பாலும் தப்பவே தப்பாது. இருங்க, நர்ஸைக் கூட்டிட்டு வரேன். சாருக்கு எடை பார்க்கணும்."

மேனேஜர் போனாள். செருப்புச் சத்தம் நடைபாதையில் தேய்ந்து மறைந்தது.

"நீ தேடலையா?" என்றான் அவன்.

"நீங்க தேடலையா?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். "டேப்லெட்ல பெல்ட்டை முதல்ல பார்த்தேன். உன் முதுகு போச்சுன்னு அதுலதான் எனக்குத் தெரிஞ்சுது. அப்புறம் இந்த ரூம். நீ கேக்குறேன்னு நெனைச்சேன். இத்தனை வருஷத்துல செருப்பு, பை, விளக்குன்னுதான் கேட்டிருக்கே. முதல் தடவையா பெருசா ஒண்ணு கேக்குறா, மாட்டேன்னு எப்படிச் சொல்றதுன்னு…"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, போயிடலாம். நம்மளைக் கூட்டிட்டு வந்த வேன்காரர் இன்னும் கீழேதான் நிப்பார். நாம கேக்காத ஒண்ணு. நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவன் எழுந்துகொள்ள முயற்சிப்பதைப் போல நாற்காலியின் கைகளை அழுத்தினான். பிறகு விட்டுவிட்டான்.

"ஆனா அது சொன்னது தப்பில்லையே" என்றான் மெதுவாக. "நாம தேடலை, அவ்வளவுதான். தேட வேண்டிய நாள் வந்துடுச்சுன்னு அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நாளைக்குக் காலையில என்னை யார் எழுப்புவா? நீயா? இடுப்புல கையை வைக்காம உன்னால அந்தக் கதவுவரைக்கும் நடக்க முடியுமா? நடந்து காட்டு."

அவள் நடக்கவில்லை. அண்ணியின் முழங்கால், பக்கத்து வீட்டுக்காரரின் வயசு, நாள் முழுக்க ஆள் வைத்தால் ஆகும் செலவு என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். வழி எங்குமே இல்லை. அவர்களைப் பார்த்தே இராத ஒன்று, அவர்கள் வீட்டுக் குளியலறையை, அவள் தண்டுவடத்தை, அவன் கால்களை எல்லாம் எடை போட்டு, சரியான விடையைச் சொல்லியிருந்தது. அதோடு வாதாட அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

"டயம் ஆச்சுன்னா டயம் ஆச்சு" என்றான் அவன். "நீ வாரம் ஒரு தடவை வா. போதும். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லை." எதிர்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரைப் பார்க்காமல் இருக்க அவன் படும் பாடு அவளுக்குத் தெரிந்தது.

நடைபாதையில் மறுபடி செருப்புச் சத்தம். கூடவே எடை பார்க்கிற மெஷினை யாரோ உருட்டிக்கொண்டு வருகிற சத்தம்.

அவள் நாற்காலிக்கு முன்னால் உட்காரப் பார்த்தாள். முதுகு விடவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதி குனிந்த நிலையிலேயே நின்று, அவன் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள். பல்லைக் கடித்து வலியை அடக்கினாள். அந்தச் சொல் தொண்டைக்கு வந்தது. இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை.

"போகாதீங்க" என்றாள். "எப்படின்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது. என்னை விட்டுட்டுப் போகாதீங்க."