கதையைச் சொல்லாதீங்க!

புத்தகம் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாகியிருந்தது. எக்ஸ்ரேக்காரியைத் தவிர மற்ற மூன்று பேரும் படித்து முடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு ஒரு பக்கம் புரட்டக்கூட நேரமில்லை.

கொண்டு வந்தவள் அவளுடைய பத்து வயது மகள். பள்ளி நூலகத்துப் பிரதி, அட்டையில் விருது முத்திரை தங்க நிறத்தில் மின்னும். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு போர், ஒரு துறைமுக ஊர், ராணுவத்துக்கே தண்ணி காட்டுகிற ஒரு பாட்டி. சிறுவர் நாவல்தான். ஆனாலும் மகளிடமிருந்து அதை லிஃப்ட் பழுது பார்க்கிற அப்பா பிடுங்கினார். அவரிடமிருந்து அவர் தம்பி பிடுங்கினான். தம்பிக்கு வீட்டில் 'வானொலி' என்று பெயர். அவன் வாயில் எதுவும் தங்காது.

ஒருவழியாகப் புத்தகம் எக்ஸ்ரேக்காரியின் கைக்கு வந்தது. முதல் அத்தியாயம் முடிவதற்குள் வானொலி வந்து நின்றான்.

"அண்ணி, கழுதை வந்துடுச்சா?"

"எந்தக் கழுதை?"

"ஐயோ, இன்னும் வரலையா! ஊர்க் கழுதையையெல்லாம் பட்டாளத்துக்குப் பிடிச்சுட்டுப் போறாங்க. பாட்டி என்ன பண்றா, தன் கழுதையைக் கட்டில்ல படுக்க வச்சு, போர்வை போத்தி, 'என் சம்பந்தியம்மாவுக்குக் காய்ச்சல்'ங்கறா!"

"டேய், சொல்லாதேடா!"

"கேப்டன் கேக்கறான், 'முகத்துல ஏன் இவ்வளவு முடி?' பாட்டி சொல்றா..."

"அவங்க பரம்பரையே அப்படித்தான்!" என்று உள்ளே குளித்துக்கொண்டிருந்த கணவர் கத்தினார். அண்ணனும் தம்பியும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சமையலறைக்குப் போனாள். மகள் பின்னாலேயே வந்து, "எத்தனாம் பக்கம்மா? பீரங்கி மேல பாட்டி துணி காயப்போடறது வந்துச்சா?" என்றாள். மொட்டை மாடிக்குப் போனாள். கணவர் ஈரத் தலையோடு வந்து, "நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அந்த மேயரை மட்டும் நம்பாதே" என்றார்.

"இந்த வீட்ல ஒரு மனுஷி நிம்மதியா ஒரு புத்தகம் படிக்க முடியுதா? இனிமே யாராவது கதையைச் சொன்னீங்க, எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

மறுநாள் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பஸ்ஸில் நாற்பது பக்கம், மதியம் சாப்பிடும்போது எண்பது. சிரிப்பு வரும் இடமெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆறிப்போன காபி மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் கழுதையின் நாடித்துடிப்பைப் பார்க்கப் பட்டாள டாக்டர் வந்த இடத்தில் தன்னையறியாமல் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டாள். அதற்கும் வானொலி மேல்தான் கோபம் வந்தது.

நாலு மணிக்கு நோயாளிகள் யாரும் இல்லை. ஈய அங்கியைக் கழற்றாமலேயே முக்காலியில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள்.

பாட்டியின் மகன் போருக்குப் போனவன். அவனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று பாட்டி அடிக்கடி சந்தையில் நின்று சேதி சொல்வாள். மகன் குண்டாகிவிட்டான், அவன் மீசையைப் பார்த்து ராஜாவே பொறாமைப்பட்டான் என்பாள். ஊரே வயிறு வலிக்கச் சிரிக்கும். போர் முடிந்த பிறகு பேத்தி ஒரு தகரப் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே ஒரே ஒரு கடிதம். பட்டாளத்திலிருந்து வந்தது. மகன் இறந்துவிட்டான் என்று, போர் தொடங்கிய மூன்றாம் மாதமே. மற்றதெல்லாம் பாட்டி தானாகவே கட்டிச் சொன்னது.

கதவைத் தட்டி ஒரு நோயாளி உள்ளே வந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். படம் எடுத்தாள். விடச் சொல்ல மறந்துவிட்டாள்.

"விடலாமாம்மா?" என்று அவரே திணறிக்கொண்டு கேட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே பையை வீசினாள்.

"ஏண்டா வானொலி, கழுதையைச் சொன்னே, பீரங்கியைச் சொன்னே. கடைசி அத்தியாயத்தை ஏண்டா சொல்லல? வேலை செய்ற இடத்துல என் மானம் போச்சு!"

வானொலி தலையைச் சொறிந்தான். "எப்படி அண்ணி சொல்றது? வாயைத் தொறந்தா தொண்டை அடைக்குது."

கணவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"நான் சொல்லலாம்னுதாம்மா இருந்தேன்," என்றாள் மகள். "கழுதைக்கே நீ அந்தக் கத்துக் கத்தினியே."

அம்மா வீசிய பையிலிருந்து புத்தகத்தை வெளியே எடுத்தாள்.

"நாளன்னிக்குத் திருப்பிக் குடுக்கணும்மா."

"இன்னும் ஒரு வாரத்துக்கு எழுதி வாங்கிட்டு வா. முதல்லேர்ந்து படிக்கப் போறேன்."

"அண்ணி, அந்த மேயர் இருக்கானே..."

"வாயை மூடுடா!"