வராத ஊர்ப்பெயர்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லாரும் 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வண்டி எந்த ஊருக்குப் புறப்படுகிறது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர் வேலை. குடித்துவிட்டு வந்த காலத்தில்கூட நாக்கு குழறியதில்லை. ஊர்ப்பெயர்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. குடியை நிறுத்த மருத்துவர் மாத்திரை கொடுத்த பிறகுதான் கதை மாறியது. ஆசை அடங்கியது, கூடவே வார்த்தைகளும் நழுவத் தொடங்கின.

ஒரு காலை, "பயணிகளின் கவனத்திற்கு" என்று ஆரம்பித்தவருக்கு, தினமும் சொல்லும் ஊரின் பெயர் வரவேயில்லை. மைக் திறந்தே இருந்தது. நிலையம் முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தது. கடைசியில், "அந்த... வண்டி புறப்படுகிறது" என்றார். எங்கும் சிரிப்பு.

ஓட்டுநர் ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, காலைலயே ஏத்திட்டீங்களா?" என்று கேட்டார். மைக்குக்கு முகம் சுண்டிப்போனது.

சாயங்காலம் வீட்டில் மகளைக் கூப்பிட வாயெடுத்தார். பெயர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"இந்தா... பாப்பா... இங்க வா."

அவள் கிட்டே வந்து, அவர் வாயை முகர்ந்து பார்த்தாள். வாடை இல்லை. அப்போதுதான் அவள் முகத்தில் பயம் கூடியது.

"அப்பா, என் பேரு மறந்துடுச்சா?"

மறுநாளிலிருந்து அவர் மாத்திரையை மனைவிக்குத் தெரியாமல் குப்பையில் போட்டார். மூளையைப் பறிகொடுத்துவிட்டுக் குடியை நிறுத்தி என்ன புண்ணியம்? சில நாளில் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தாகமும் திரும்பியது. ஒருநாள் வேலை முடிந்ததும் கால் தானாகவே பாருக்கு இழுத்துப்போனது. கதவில் கை வைத்தவர், என்ன நினைத்தாரோ, மனைவிக்குப் போன் போட்டார்.

"பார் வாசல்ல நிக்கறேன். மாத்திரைய நிறுத்திட்டேன். வந்து கூட்டிட்டுப் போ."

மனைவி தான் வேலை செய்யும் தையற்கடையிலிருந்து கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்தாள். திட்டவில்லை. "வாங்க" என்று மட்டும் சொல்லி, மருத்துவரிடம் அழைத்துப்போனாள்.

"இந்த மாத்திரை சிலருக்கு அப்படித்தான் பண்ணும், வார்த்தை சட்டுன்னு வராது" என்றார் மருத்துவர். "வந்து சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேன். நீங்களா நிறுத்தினதுதான் ஆபத்து."

"அப்ப மூளை கெட்டுப்போகலையா டாக்டர்?" என்று கேட்டார் மைக்கு.

"மாத்திரையால வந்த மறதி அநேகமா சரியாயிடும். இத்தனை வருஷக் குடி என்ன பண்ணியிருக்குன்னு இப்ப சொல்ல முடியாது. குடிக்காம இருந்தாதான் போகப்போகத் தெரியும்."

சுற்றிவளைக்காத அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினார்.

மருந்து மாறியது. மேலாளரிடம் தானே போய் விஷயத்தைச் சொல்லி, தெளியும்வரை பார்சல் பிரிவில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி மைக்குக்கு வந்துவிட்டார். முன்பிருந்த வேகம் இல்லை, ஆனால் பெயர்கள் தப்பவில்லை.

ஒரு விடுமுறை நாளில் மகள் கேட்டாள்: "நான் முதல்முதலா நடந்தப்ப எப்படிப்பா நடந்தேன்?"

அவர் யோசித்தார். எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை. அந்த மறதிக்கு எந்த மாத்திரையின் மீதும் பழி போட முடியாது என்று அவருக்குத் தெரியும்.

"உங்கம்மாவக் கேளு" என்றார். பிறகு நாற்காலியை மனைவி பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சொல்லு. நானும் கேக்கறேன்."