அக்கா வீட்டுப் படிகள்

நெவேனாவும் அவள் அக்கா வெலிகாவும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தார்கள். தங்கை தரைத்தளத்தில், அக்கா நான்காவது மாடியில். இருந்தும் மூன்று வருடமாக ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கவில்லை.

சண்டை எதுவும் இல்லை. பெர்னிக் நகரத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று எப்போதோ கட்டிய அந்தச் செங்கல் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, அவ்வளவுதான். நெவேனாவின் முழங்கால் மூட்டு இரண்டும் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசிக்கொண்டிருந்தது. நூற்று முப்பது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு வாசற்படி இறங்குவதே அவளுக்குப் பெரும்பாடு. வெலிகாவுக்கோ நுரையீரல் போய்விட்டது. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவள் காலம் ஓடியது. ஒருமுறை காய்ச்சல் முற்றியபோது அவளை நாற்காலியில் உட்காரவைத்து, நெவேனாவின் கணவன் திஹோமிரும் மூன்றாவது மாடி ரங்கெலும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வழியிலேயே உதடு நீலம் பாரித்துவிட்டது. அன்றைக்குக் கீழே வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டதுதான் அக்காவும் தங்கையும் கடைசியாக. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வெலிகா முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இனிமே உயிரோட என்னை யாரும் கீழ இறக்க வேண்டாம். பெட்டியில போட்டு இறக்கிக்கோங்க."

கீழே வந்து எங்களோடு இரு என்று தங்கை எத்தனையோ தடவை கெஞ்சினாள். புருஷன் செத்த வீட்டை விட்டு வெலிகா அசையவில்லை. நெவேனா சமைப்பாள், பீன்ஸ் சூப்பையும் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனித்சா அடையையும் திஹோமிர் மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரத்தோடு அக்காவின் விமர்சனத்தையும் கீழே கொண்டுவருவான். "உப்பு போடறதுக்கு உன் பொண்டாட்டிக்குக் கை வலிக்குதாமா?"

போனில் முகம் பார்த்துப் பேசலாம்தான். வெலிகாவுக்கு அது பிடிக்காது. "கண்ணாடிக்குள்ள இருக்கிற மீன்கிட்ட பேசற மாதிரி இருக்குடி. உன் தலைமுடியைத் தொட்டுப் பாக்க முடியுதா சொல்லு."

மூட்டை மாற்றிவிடலாம், ஆனால் முதலில் எடை குறைய வேண்டும் என்று எலும்பு டாக்டர் கையை விரித்துவிட்டார். நெவேனா பட்டினி கிடந்து பார்த்தாள், முட்டைக்கோஸ் சாறு குடித்துப் பார்த்தாள். கடைசியில் சோஃபியாவுக்குப் போய் இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டாள். அங்கே டாக்டர் மாரினோவா, கூர்மையான மூக்கும் குளிர்ந்த கைகளும் உள்ள பெண், ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"இத்தனை வருஷமா மூட்டுக்கு நீங்க முழுங்கின வலி மாத்திரையெல்லாம் இன்னியோட சரி. ஒண்ணுகூடக் கூடாது. இரைப்பையும் குடலும் இணைச்சுத் தைச்ச இடம் இருக்கே, அது அந்த மாத்திரைக்குத் தாங்காது. புண்ணாகும், ரத்தம் கொட்டும். புரியுதா?"

"அப்ப வலிக்கு?"

"பாராசிட்டமால். ஐஸ். களிம்பு. தாங்க முடியலன்னா மூட்டுலயே ஊசி போடலாம், அதுவும் சில மாசத்துக்கு ஒரு தடவைதான். வெந்நீர்க் குளத்துல நடங்க. எடை இறங்க இறங்க வலியும் இறங்கும்."

எடை இறங்கியது. ஒரு வருடத்துக்குள் பழைய நெவேனாவின் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்து அவளே வெட்கப்பட்டாள். வலி மட்டும் டாக்டர் சொன்னபடி கேட்கவில்லை. கொஞ்சம் குறையும், மழை வந்தால் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். முன்பெல்லாம் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணியில் மறந்துபோன வலி அது. இப்போது உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை முழங்காலில் கட்டிக்கொண்டு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. திஹோமிர் எதிரே உட்கார்ந்து இரண்டு ஆள் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுவான். அவள் நாலு ஸ்பூன் தயிரோடு எழுந்துவிடுவாள்.

கோடையில் முதல் ஊசி போட்டார்கள். நெவேனா படி ஏறத் தொடங்கினாள்.

ஒரு வாரம் முதல் மாடி வரை. பிறகு இரண்டாவது மாடி. கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வலி குறைந்த காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு. நின்ற இடத்திலிருந்து அக்காவுக்குப் போன் செய்வாள். "ரெண்டாவது மாடில இருக்கேன்." வெலிகாவுக்குக் கத்துவதற்கு மூச்சு கிடையாது. கதவைத் திறந்து, குழாய் எட்டும் தூரம் வரை வந்து, ஒரு கரண்டியால் கம்பியைத் தட்டுவாள். அந்த டிங் டிங் சத்தம் கம்பி வழியாக இறங்கி நெவேனாவின் உள்ளங்கைக்குள் வரும். அவள் அங்கேயே நின்று சிரிப்பாள்.

"இந்த வேகத்துல நீ வர்றதுக்குள்ள எனக்குத் திவசமே வந்துடும்டி" என்று போனில் கேலி செய்வாள் வெலிகா.

"பேசாம இரு. காப்பி போட்டு வை. அடுத்த மாசம் வர்றேன்."

அடுத்த மாதம் ஊசியின் பலம் தீர்ந்துபோனது. குளிர் இறங்கியது. முழங்கால் வீங்கிப் பூசணிப் பிஞ்சு போலானது. அடுத்த ஊசி புத்தாண்டுக்குப் பிறகுதான் என்றார்கள். வெந்நீர்க் குளத்தைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி மூடிவிட்டார்கள். பாராசிட்டமால் சாப்பிட்டும் சாப்பிடாதது போலவே இருந்தது. முதல் மாடிகூட ஏற முடியவில்லை.

நவம்பர் கடைசியில் வெலிகாவைப் பார்த்துவிட்டு இறங்கிய டாக்டர், திஹோமிரிடம் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கிறிஸ்துமஸ் வரை தாங்கினால் பெரிய விஷயம் என்று அவர் சொன்னது நெவேனாவின் காதில் விழுந்தது.

அன்று மாலை போனில் அக்கா இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். "மேல வரட்டுமா?"

"எதுக்கு? கால் வலியோட வந்து என் கட்டில்ல நீ விழவா? வேண்டாம். அங்கயே இரு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. "முடியை இப்ப எப்படி வெட்டியிருக்க? திஹோமிர் சொன்னான், கட்டையா வெட்டிட்டாளாம்."

மறுநாள் நெவேனா கைத்தடியோடு பஸ் ஏறி மார்க்கெட் பக்கம் போனாள். வீட்டருகே மருந்துக் கடைக்காரிக்கு அவளுடைய சிகிச்சை பற்றி எல்லாம் தெரியும். மார்க்கெட் கடையில் யாருக்கும் தெரியாது. பழைய மாத்திரையின் பெயரைச் சொன்னாள். எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். கடை வாசலிலேயே ஒன்றை விழுங்கினாள். அன்று மதியத்துக்குள் முழங்கால் என்று ஒன்று இருக்கிற நினைப்பே போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து அவள் நான்காவது மாடியில் நின்றாள்.

வெலிகா கதவைத் திறந்து தங்கையை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தங்கையின் கன்னத்தைக் கிள்ளினாள். "எங்கடி போச்சு எல்லாம்? அம்மா மாதிரியே இருக்க. தெருவுல பாத்திருந்தா அடையாளமே தெரிஞ்சிருக்காது."

"நீ மட்டும் என்ன? எலும்புக்குச் சட்டை மாட்டின மாதிரி இருக்க."

இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அழுததில் வெலிகாவுக்கு மூச்சு முட்டியது. ஆக்சிஜனைக் கூட்டிவைத்துவிட்டு மறுபடி அழுதார்கள்.

"எப்படி ஏறின?"

"புதுக் களிம்பு" என்றாள் நெவேனா. திஹோமிரிடமும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

அதன்பிறகு தினமும் போனாள். காலையில் ஒரு மாத்திரை, மதியம் ஒன்று. அக்காவின் தலையை வாஷ்பேசினில் சாய்த்து அலசிவிட்டாள், நகம் வெட்டினாள், வாடிய தொட்டிச்செடிகளை ஒழுங்குபடுத்தினாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வாத்தியார்களைப் பற்றிப் புறம் பேசினார்கள். சமையலறையிலிருந்து வாசனை வர வேண்டும் என்று வெலிகா ஆசைப்பட்டதால், தன்னால் சாப்பிட முடியாத மிளகாய் வறுவலை நெவேனா அங்கேயே வறுத்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாட்கள் வந்ததில்லை. வயிற்றுக்குள் மேல்பக்கம் லேசாக எரிந்தது. ஒருநாள் மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. அது உள்ளே கசியும் ரத்தம் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு நிறுத்திவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அதையே நினைத்தாள்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு, மதியத்தில், அக்காவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணைக் கட்டியது. கெட்டில் தரையில் விழுந்தது. குனிந்தவள் வாந்தியெடுத்தாள். தரையெல்லாம் ரத்தம். அதற்கு மேல் அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தாள். புண்ணை உள்ளே குழாய் விட்டு அடைத்து, ரத்தம் ஏற்றியிருந்தார்கள். இனி ஒரே ஒரு மாத்திரை சாப்பிட்டாலும் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். நெவேனா தலையை ஆட்டினாள். திஹோமிர் கட்டில் ஓரத்தில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா பயந்துட்டாளா?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"திஹோ. அக்கா எப்படி இருக்கா?"

"முதல்ல நீ கொஞ்சம் தேறணும்னு டாக்டர் சொன்னாங்க..." என்று தொடங்கினான். பெரிய உடம்பு குலுங்க, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அந்த நேரத்தில் அவன் வீட்டில் இல்லை. போன் எங்கேயோ கட்டிலுக்கடியில் போய்விட்டிருக்கிறது. வெலிகா கரண்டியால் கம்பியைத் தட்டியிருக்கிறாள். ரங்கெல் டிவியைச் சத்தமாக வைத்திருந்தான், கேட்கவில்லை. மூக்குக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாடி முழுக்கத் தனியாக இறங்கியிருக்கிறாள். ரங்கெல் வீட்டுக் கதவை உள்ளங்கையால் அடித்திருக்கிறாள். அவன் திறந்து அவளைத் தாங்கிப் பிடிக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டாளாம். "என்னை விடுடா கழுதை. மேல என் தங்கச்சி கிடக்கா. ஓடு."

ரங்கெல் ஓடினான். ஆம்புலன்ஸ்காரர்கள் நெவேனாவை இறக்கிக்கொண்டு வந்தபோது வெலிகா படியில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வழிவிடுவதற்காகக் காலை மடக்கிக்கொண்டாள். தங்கையைக் கொண்டுபோகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை மேலே தூக்கிப்போய்க் குழாயை மாட்டினார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு மூச்சு திரும்பவே இல்லை. மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

"என்னைப் பத்திக் கேட்டாளா?"

"கேட்டா. நீ பிழைச்சுட்டன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொல்லச் சொன்னா."

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அடக்கம் முடிந்துவிட்டது. நெவேனா வீடு திரும்பிய அன்று கட்டடத்தின் வாசற்கதவில் இரங்கல் தாள் ஒட்டியிருந்தது. வெலிகா பழைய படமொன்றில், பின்னலோடு, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தாள். கீழே, துயருறும் தங்கை நெவேனா, என்று அச்சிட்டிருந்தது. தன் பெயரை இன்னொருத்தியின் பெயர் போல அவள் நின்று வாசித்தாள்.

யாரும் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. களிம்பு என்று சொன்ன பொய்யைப் பற்றித் திஹோமிர் வாயே திறக்கவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒருநாள் அவளே கேட்டாள். "நான் மேல போகாம இருந்திருந்தா அவ இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பா, இல்ல?"

அவன் அவள் முழங்காலுக்கு ஐஸ் கட்டிக்கொண்டிருந்தான். "இருந்திருப்பா" என்றான், நிமிராமலே. "உன்னைப் பாக்காம இருந்திருப்பா."

அக்காவின் நாற்பதாம் நாள் நினைவுக்கு வேகவைத்த கோதுமையில் சர்க்கரை கலந்து அவளே தயார் செய்தாள். மேலே அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனது திஹோமிர்தான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் வலியை அப்படியே அனுபவித்தாள். போட வேண்டிய ஊசியைப் போட்டுக்கொண்டாள், பாராசிட்டமாலை நேரம் தவறாமல் சாப்பிட்டாள், குளம் திறந்ததும் வெந்நீரில் நடந்தாள். சொன்னதையெல்லாம் செய்தாள். இலையுதிர்காலத்தில், புண் முழுக்க ஆறிய பிறகு, வலது மூட்டை மாற்றினார்கள். இடது மூட்டை அடுத்த வசந்தத்தில்.

இப்போது அவளுக்கு வலி இல்லை. மழை வந்தால் மழை என்று மட்டும்தான் தெரிகிறது. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிற பெண், தினமும் மாடிப்படி ஏறி இறங்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். நெவேனா ஏறுகிறாள். ஆனால் தன் கட்டடத்தில் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிர்க் கட்டடத்துக்குப் போகிறாள். அங்கேயும் லிஃப்ட் கிடையாது. நான்காவது மாடி வரை நிற்காமல் ஏறுகிறாள், மூச்சுகூட வாங்குவதில்லை. அங்கே அடைத்துக் கிடக்கிற யாரோ ஒருவரின் கதவு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இறங்கி வருகிறாள்.

அந்த வீட்டுக்காரி ஒருநாள் கதவைத் திறந்து, "யாரைப் பாக்கணும்மா?" என்று கேட்டாள்.

"யாரையும் இல்ல" என்றாள் நெவேனா. "கால் நல்லா இருக்கான்னு பாக்க வந்தேன்."